கரண்ட் போனாலும் நிக்கிற பாட்டுகள்

போன மாதம், பரீட்சைக்கு இரண்டு கிழமை இருக்கேக்க, ஜூனியர் தங்கச்சி ஒருத்தி எங்களிடம் வந்தாள். "அக்கா, அண்ணா, இரவு படிக்கேக்க கேக்கிறதுக்கு நல்ல அக்கூஸ்டிக் கவர் பத்து எழுதித் தாங்கோ. எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டா இருக்கோணும். டமார் டுமார் சத்தம் வேண்டாம்."

பத்து நிமிட வேலை என்று நினைத்துச் சரி சொல்லிவிட்டோம். நாங்கள் நாலு பேர். ஒருவன் கிட்டார் வாசிப்பான். ஒருத்தி ஆறு வருடம் வாய்ப்பாட்டுப் படித்தவள். மற்ற இரண்டு பேருக்கும் கேட்கத்தான் தெரியும், ஆனால் அபிப்பிராயம் சொல்வதில் அவர்களை வெல்ல ஆளில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கலைப்பீடத்து மர நிழலில் ஒரு சின்ன புளூடூத் ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு தொடங்கினோம். மூன்று நாள் போனது. பத்துப் பாட்டு வரவில்லை. சண்டை பிடித்து, கோபித்து, பிளேன்ரீ குடித்துச் சமாதானமாகி, கடைசியில் மிஞ்சினது மூன்று. தங்கச்சிக்கு அதைக் குடுக்கேக்க வெட்கமாகத்தான் இருந்தது. அதனால் ஏன் மூன்று என்பதை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறோம்.

முதல் நாளே ஒன்று விளங்கிவிட்டது. அன்பிளக்ட், அக்கூஸ்டிக் வேர்ஷன், லோஃபை என்று பெயர் எதுவானாலும் சமையல் ஒன்றுதான். பாட்டின் வேகத்தைப் பாதியாகக் குறை. கிட்டாரில் நாலு கோர்ட் போதும். குரலில் காற்றைக் கூட்டு, சொல்லின் கடைசி எழுத்தை விழுங்கு. கிணத்துக்குள்ள இருந்து பாடுற மாதிரி எக்கோ போடு. பின்னுக்கு மஞ்சள் பல்ப் மாலை, பக்கத்தில் சாடியில் ஒரு செடி, பாடுகிறவர் கண் மூடியிருக்க வேண்டும். இவ்வளவும் செய்தால் எந்தப் பாட்டும் ஒரே பாட்டாக வந்துவிடும். குத்துப்பாட்டும் அதே சோகம், தாலாட்டும் அதே சோகம். கல்யாண வீட்டுப் பாட்டைக்கூட எட்டுச்செலவுக்குப் பாடுகிற மாதிரி இழுத்து வைத்திருக்கிறார்கள். ஒரு கட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு பாட்டைக் கண்டுபிடிக்கிற போட்டி வைத்தோம். சின்ன வயதிலிருந்து மனப்பாடமான ஒரு பாட்டை எங்களில் ஒருவன் ஒரு நிமிடம் முழுக்கக் கேட்டும் பிடிக்கவில்லை. அவனில் பிழை இல்லை. அந்தப் பாட்டுக்கே தான் யார் என்று மறந்துபோயிருந்தது.

மெதுவாகப் பாடினால் ஆழம் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை எங்கேயிருந்து வந்ததோ தெரியாது. மெதுவாகக் கதைக்கிற ஆள் எல்லாம் ஞானி இல்லைத்தானே.

ஆனாலும் 'பிளக்கைக் கழற்றுவது' என்ற விஷயத்தை நாங்கள் லேசாக எடுக்க மாட்டோம். அதுக்குக் காரணம் 2022. அந்த வருடத் தொடக்கத்தில்தான் நாங்கள் ஏ.எல். எழுதி முடித்திருந்தோம். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. பகல் முழுக்க வீட்டில் ஆரோ ஒரு ஆள் எரிவாயுவுக்கோ மண்ணெண்ணெய்க்கோ வரிசையில் நிற்பார். இரவில் செய்ய ஒன்றுமில்லை. போனில் இருக்கிற சார்ஜை அவசரத்துக்கு என்று வைத்திருக்க வேண்டும், பாட்டுக் கேட்கச் செலவழிக்க முடியாது. நாலு பேரும் நாலு ஊரில் இருந்தோம், அப்போது ஒருவரை ஒருவர் தெரியாது. பிறகு கதைத்துப் பார்க்கேக்க தெரிந்தது, நாலு பேரும் செய்தது ஒன்றைத்தான். ஒழுங்கையில் ஒரு வீட்டு விறாந்தை. கிட்டார் இருந்தால் கிட்டார், இல்லாட்டித் தண்ணிக் கானைக் கவிழ்த்துப்போட்டுத் தட்டுவது. நுளம்புத்திரிப் புகைக்குள்ள இருந்து பாட்டு.

அந்த இரவுகளில்தான் பாட்டுகள் இரண்டாகப் பிரிந்தன. ஹெட்போனில் நாங்கள் உயிராகக் கேட்ட சில பாட்டுகளை இரண்டு வரி பாடிவிட்டு அதுக்குப் பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நாங்கள் பாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தது முழுக்க பேஸ். அது போனதும் கையில் ஒன்றும் இல்லை. இன்னும் சில பாட்டுகள், அம்மாமார் உடுப்புத் தோய்க்கேக்க முணுமுணுக்கிற ரகம், நாங்கள் ஒருநாளும் மதிக்காதவை, இருட்டில் எழும்பி நிமிர்ந்து நின்றன.

இதை ஒரு சட்டமாக்க எங்களுக்கு விருப்பமில்லை. பறையில் பிறந்த பாட்டை, பறையை எடுத்துவிட்டுப் பாடி, 'பாத்தீங்களா, நிக்கேல்லை' என்று சொல்வது அநியாயம். அதின்ர உயிரே அந்த அடிதான். நாங்கள் சொல்வது கவர் பாடப் போகிற ஆளுக்கு. நீங்கள் எதையோ கழற்றி எடுக்கிறீர்கள். எடுத்த இடத்தில் எங்களுக்கு முந்தித் தெரியாத ஒன்று தெரிய வேண்டும். தெரியாட்டி, முதல் பாட்டே இருக்குத்தானே, அதைக் கேட்டுவிட்டுப் போறம்.

சரி, அந்த மூன்றுக்கு வருவோம்.

முதலாவது 'ஃபாஸ்ட் கார்'. ட்ரேசி சாப்மன் எழுதிப் பாடி 1988இல் அவருடைய முதல் ஆல்பத்தில் வந்தது. இந்தப் பாட்டின் கதையே எங்கள் தலைப்புக்கு எழுதி வைத்த மாதிரி இருக்கும். 1988 ஜூன் 11, லண்டன் வெம்ப்ளி மைதானம். அப்போதும் சிறையில் இருந்த நெல்சன் மண்டேலாவின் 70ஆவது பிறந்தநாளுக்காக மிகப் பெரிய இசை நிகழ்ச்சி, பல நாடுகளில் தொலைக்காட்சியில் போகிறது. ஸ்டீவி வொண்டர் மேடையேற வேண்டும். அவருடைய கீபோர்டுக்குரிய ஒலிகள் எல்லாம் இருந்த ஹார்ட் டிஸ்க்கைக் காணவில்லை. அவர் பாட முடியாது என்று போய்விட்டார். இடைவெளியை நிரப்ப வேண்டும். அன்றைக்கு ஏற்கெனவே பாடி முடித்திருந்த 24 வயதுப் பெண் ஒருத்தியைத் திரும்ப மேடைக்கு அனுப்பினார்கள். ஒரு கிட்டார், ஒரு மைக். அவ்வளவுதான். அந்தப் பெண் பாடிய ஃபாஸ்ட் காரோடு உலகம் ட்ரேசி சாப்மனைத் தெரிந்துகொண்டது. பிறகு அமெரிக்க பில்போர்ட் தரவரிசையில் பாட்டு 6ஆம் இடம் வரைக்கும் போனது.

35 வருடம் கழித்து, 2023இல், லூக் கோம்ப்ஸ் என்ற கன்ட்ரி பாடகர் இதைக் கவர் செய்தார். சின்ன வயதில் அப்பாவின் ட்ரக்கில் கேட்டு வளர்ந்த பாட்டு என்று அவர் சொல்லியிருக்கிறார். அவருடைய பதிவு 2ஆம் இடம் வரை ஏறியது. எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது இதில்தான். 'இது கவரே இல்லை, போட்டோ கொப்பி' என்று எங்கள் வாய்ப்பாட்டுக்காரி ஒரே பிடியில் நின்றாள். கறுப்பினப் பெண் ஒருத்தி எழுதிய வறுமைப் பாட்டை ஒரு வெள்ளைக்கார ஆண் பாடி அவளைவிட மேலே ஏறுவதா என்ற கேள்வியும் வந்தது. அது நியாயமான கேள்விதான், அமெரிக்காவிலும் அதைக் கேட்டார்கள்.

ஆனால் அவர் மாற்றாமல் விட்டதைப் பாருங்கள். பாட்டில் கதை சொல்கிறவள் கடையில் காசாளராக நிற்கிற ஒரு பெண். அப்பா குடிகாரர், அம்மா விட்டுவிட்டுப் போய்விட்டா, அப்பாவைப் பார்க்கப் பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆண் பாடும்போது அந்தப் 'பெண்' என்ற சொல்லை மாற்றுவது அவ்வளவு கஷ்டமில்லை, எத்தனையோ கவரில் செய்கிறார்கள். கோம்ப்ஸ் மாற்றவில்லை. தன்னுடைய கதையாக்காமல், அவளுடைய கதையாகவே பாடினார். எங்கள் அபிப்பிராயத்தில் கவர் என்பதற்கு மரியாதை அங்கேதான் தொடங்குகிறது.

ஆனால் அவருடைய ஸ்டூடியோப் பதிவு முழுக்க அக்கூஸ்டிக் இல்லை. அதனால் பட்டியலில் நாங்கள் போட்டது 2024 பெப்ரவரி கிராமி விருது மேடையில் இரண்டு பேரும் சேர்ந்து பாடியதை. அங்கேயும் பின்னால் வாத்தியக் குழு இருக்கு. ஆனால் பாட்டைத் தூக்கிக்கொண்டு போவது சாப்மனின் கிட்டாரில் வருகிற அந்த ஒரே சுற்றுத்தான். கனகாலம் மேடைப் பக்கமே வராத ஆள். முதல் ஸ்வரம் வாசித்ததும் சபை சத்தம் போடுகிறது, அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அதைப் பாருங்கோ. பக்கத்தில் நிற்கிற கோம்ப்ஸ் பாடாத நேரத்தில் அவரையே பார்த்துக்கொண்டு வாயசைக்கிறார், கச்சேரியில் முன்வரிசையில் நிற்கிற ரசிகன் மாதிரி. அதுக்குப் பிறகு எங்கள் வாய்ப்பாட்டுக்காரி போட்டோ கொப்பி என்று சொல்வதை நிறுத்திவிட்டாள்.

இந்தப் பாட்டில் நாங்கள் இவ்வளவு நேரம் நின்றதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. இது ஊரை விட்டுப் போகிற பாட்டு. வேகமான கார் ஒன்று இருந்தால் இந்த வாழ்க்கையிலிருந்து தப்பிவிடலாம் என்று நம்பி ஒருத்தி ஏறுகிறாள். கார் ஓடுகிறது, ஊர் மாறுகிறது, வாழ்க்கை மாறவில்லை. எங்கள் ஏ.எல். வகுப்பு வட்சப் குறூப்பில் இப்போது பாதிப் பேரின் நம்பர் +94இல் தொடங்குவதில்லை. போனவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு என்ன தகுதி, எங்களில் ஒருவனும் ஐ.ஈ.எல்.ரி.எஸ். புத்தகத்தோடுதான் திரிகிறான். ஆனால் போன கிழமை டொரன்டோவில் இருந்து நண்பன் ஒருவன் இரவு வேலை முடிந்து வொய்ஸ் மெசேஜ் போட்டிருந்தான். பின்னால் பஸ் சத்தம். 'மச்சான், உந்தப் பாட்டுத்தான் கேட்டுக்கொண்டு போறன்' என்றான். சாப்மனின் பதிவா கோம்ப்ஸின் பதிவா என்று நாங்கள் கேட்கவில்லை.

இரண்டாவது பியோன்சேயின் 'பிளாக்பேர்ட்'. 2024இல் வந்த 'கவ்போய் கார்ட்டர்' ஆல்பத்தில் இருக்கு. பீட்டில்ஸ் குழுவின் 1968 வெள்ளை ஆல்பத்தில் வந்த பாட்டு இது. பெயர் பீட்டில்ஸ் என்றாலும் அந்தப் பதிவில் பாடியது, வாசித்தது எல்லாம் போல் மக்கார்ட்னி தனியாக. ஒரு கிட்டார், தாளத்துக்குக் காலால் தட்டுகிற சத்தம், கொஞ்சம் குருவிச் சத்தம். கிட்டார் பழகுகிற பெடியள் எல்லாம் விரல் நோக நோக முயற்சி செய்கிற பாட்டு.

சும்மா குருவிப் பாட்டு என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். அமெரிக்காவில் கறுப்பின மக்களின் குடியுரிமைப் போராட்டத்தை மனதில் வைத்து எழுதியது என்று மக்கார்ட்னி பிறகு பல இடங்களில் சொல்லியிருக்கிறார். 1957இல் லிட்டில் ரொக் நகரத்தில் வெள்ளையர் மட்டும் படித்த பள்ளிக்கூடத்துக்குள் ஒன்பது கறுப்பினப் பிள்ளைகள் போக முயன்றார்கள். கூச்சலிடுகிற கூட்டத்துக்குள்ளால் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடக்கிற ஒரு பிள்ளையின் படம் வரலாற்றுப் புத்தகங்களில் இருக்கும். கடைசியில் இராணுவக் காவலோடுதான் வகுப்புக்குப் போனார்கள். பள்ளிக்கூட வாசலில் இராணுவம் நிற்பது என்றால் என்ன என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அங்கே இராணுவம் பிள்ளைகளைக் காக்க நின்றது என்பதுதான் எங்களுக்குப் புதினம்.

பியோன்சே செய்தது மிகச் சின்ன வேலை. கிட்டாரைப் புதிதாக வாசிக்கவில்லை. மக்கார்ட்னி 1968இல் வாசித்த அதே பதிவை, அந்தக் கால் தட்டுகிற சத்தத்தோடு, அப்படியே எடுத்துக்கொண்டார். மேலே தன் குரலையும் கன்ட்ரி இசையில் இடம் தேடிக்கொண்டிருக்கிற நாலு கறுப்பினப் பெண்களின் குரலையும் வைத்தார். டனர் அடெல், பிரிட்னி ஸ்பென்சர், டியரா கென்னடி, ரேனா ரொபர்ட்ஸ். அவ்வளவுதான். இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். ஆனால் லிவர்பூல்காரர் ஒருவர் தூரத்தில் இருந்து ஆரைப் பார்த்துப் பாடினாரோ, அவர்களே இப்போது வாயைத் திறந்து பாடுகிறார்கள். முதலில் 'அவர்களுக்காக' இருந்த பாட்டு 'எங்களுடைய' பாட்டாகிவிட்டது. ஒரு சொல்லைக்கூட மாற்றாமல், பாடுகிற வாயை மாற்றி மட்டும் இதைச் செய்யலாம் என்பது எங்களுக்கு அதிர்ச்சி. கண் மூடவும் இல்லை, மஞ்சள் பல்ப்பும் இல்லை.

மூன்றாவது எங்கள் ஒருவருக்கும் மொழி தெரியாத பாட்டு. அரூஜ் அஃப்தாப் பாடிய 'மொஹப்பத்', 2021, 'வல்ச்சர் பிரின்ஸ்' ஆல்பம். ஹஃபீஸ் ஹோஷியார்புரி எழுதிய உருது கஸல். மெஹ்தி ஹசனின் குரலில் துணைக்கண்டம் முழுக்கப் பரவினது. இந்தப் பாட்டுக்காக அரூஜ் 2022இல் கிராமி வாங்கினார். பாகிஸ்தானியர் ஒருவருக்குக் கிடைத்த முதல் கிராமி அது. ஒபாமா தன்னுடைய கோடைகாலப் பாட்டுப் பட்டியலில் இதைப் போட்டது தனிக் கதை, அதைச் சொல்லித்தான் முக்கால்வாசிப் பேர் இதை அறிமுகப்படுத்துகிறார்கள். எங்களுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை.

பெரிய விஷயம் என்னவென்றால், இவர் கவரில்தான் தொடங்கினார். யூடியூப் வர முதல், லாகூரில் பதின்ம வயதில், லெனார்ட் கோஹனின் 'ஹலலூயா'வைப் பாடிப் பதிவு செய்தார். அது ஆளுக்கு ஆள் கைமாறிப் பாகிஸ்தான் இளையவர்களிடம் பரவியது. அங்கேயிருந்து 20 வருடம் நடந்து மெஹ்தி ஹசனிடம் வந்து சேர்ந்திருக்கிறார். ஆல்பம் செய்துகொண்டிருக்கேக்க அவருடைய தம்பி இறந்துபோனார், அவருக்குத்தான் ஆல்பத்தைச் சமர்ப்பித்திருக்கிறார். மொஹப்பத் ஏறக்குறைய எட்டு நிமிடம். கிட்டாரில் ஒரு சின்ன வட்டம் திரும்பத் திரும்ப வரும். குரல் அதுக்கு மேல் வந்து இருக்கும், எழும்பிப் போகும், திரும்ப வரும். வேகம் குறைவுதான். ஆனால் முதலில் நாங்கள் திட்டிய அந்தச் சோகச் சமையல் இதில்லை. அவர்கள் மெதுவாகப் பாடுவது 'நான் சோகமாக இருக்கிறன், பாருங்கோ' என்று காட்டுவதற்கு. இவர் யாருக்கும் காட்டவில்லை.

எங்களில் ஒருவன் மூதூர். அவனுடைய வாப்பா இளவயதில் சவூதியில் ட்ரைவராக இருந்தவர். அறையில் கூட இருந்த பாகிஸ்தான்காரர் மெஹ்தி ஹசன் கெசட் போடுவாராம், அதைக் கேட்டுக் கேட்டே வாப்பாவுக்குக் கொஞ்சம் உருது வந்ததாம். வட்சப்பில் அரூஜின் பாட்டை அனுப்பினோம். எட்டு நிமிடமும் கேட்டுவிட்டு மகனுக்குக் கோல் எடுத்தார். "பாட்டுத் தெரியும்டா. ஆனா அந்த ரூமுல கேட்டப்ப இது பொம்புளைப் புள்ளைய நினைச்சுப் பாடுறது எண்டுதான் இருந்திச்சு. இந்தப் புள்ள பாடுறது மவுத்தான ஆள நினைச்சு." தம்பியின் கதையை நாங்கள் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. அதுக்குப் பிறகு மூன்றாவது பாட்டுக்கு எங்களுக்குள் வாக்கெடுப்புத் தேவைப்படவில்லை. அரூஜ் பிறந்ததும் சவூதியில்தான் என்று அவருக்குச் சொன்னோம், அவருக்கு அதில் ஒரு தனிச் சந்தோசம்.

தமிழ்ப் பாட்டு ஒன்றும் இல்லையா என்று தங்கச்சி கேட்டாள். கேட்பாள் என்று தெரியும்.

நல்ல குரல்கள் எத்தனையோ இருக்கு, அதில் குறையில்லை. எங்களுக்கு எரிச்சல் வந்தது வேறு ஒன்றில். தமிழ்க் கவர் வீடியோக்களுக்குக் கீழே எழுதியிருப்பதை வாசித்துப் பாருங்கள். மைக்கின் பெயர் இருக்கும், கமெராவின் பெயர் இருக்கும், உடுப்புக் குடுத்த கடையின் பெயரும் இருக்கும். பாட்டை எழுதினவரின் பெயர் கனக்க இடத்தில் இருக்காது. 'இளைய நிலா'வை எடுங்கோ. 1982இல் 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் வந்தது. கிட்டார் பழகுகிற தமிழ்ப் பெடியள் எல்லாருக்கும் அது ஓ.எல். சோதினை மாதிரி. எங்கள் கிட்டார்க்காரன் அந்தத் தொடக்கத்தை மூன்று வருடமாக வாசிக்கிறான். அதை முதலில் வாசித்தவர் ஆர். சந்திரசேகர் என்று போன மாதம்தான் அவனுக்குத் தெரியும். நாங்களும் சேர்ந்துதான் வெட்கப்பட்டோம்.

பெயர் என்பது மரியாதை மட்டுமில்லை, காசும்தான். அமெரிக்காவில் ஒரு பாட்டு ஒருமுறை வெளியாகிவிட்டால், சட்டம் சொல்கிற கட்டணத்தைக் கட்டி ஆரும் அதைத் திரும்பப் பதிவு செய்யலாம். கோம்ப்ஸின் கவர் ஓட ஓட, எழுதினவர் என்ற முறையில் சாப்மனுக்கும் பங்கு போனது. 2023 நவம்பரில் கன்ட்ரி இசைச் சங்கத்தின் 'சிறந்த பாடல்' விருதும் எழுதின சாப்மனுக்கே போனது, கறுப்பினத்தவர் ஒருவர் அதை எழுதி வென்றது அதுதான் முதல்தரம். எங்கள் பக்கத்தில் இந்த வழக்கு வேறு மாதிரி வெடித்தது. 2017இல் அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்த எஸ்.பி.பி.க்கு, தன் பாட்டுகளை அனுமதி இல்லாமல் மேடையில் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனபோது ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து அடிபட்டார்கள். எங்களுக்கு இரண்டு பேரிலும் பிரியம், அதனால் அந்தச் சண்டைக்குள் போகவில்லை. ஆனால் பாட்டை எழுதினவருக்கு, இசையமைத்தவருக்கு என்ன போகிறது என்ற கேள்வி பிழையான கேள்வி இல்லை.

உள்நாட்டு உதாரணமும் இருக்கு. 'மெனிக்கே மகே ஹிதே' 2021இல் உலகம் முழுக்கப் போனது. யொஹானியும் சதீஷனும் சேர்ந்து பாடிய அந்தப் பதிவே ஒரு கவர்தான் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? சதீஷன் அதை 2020இலேயே பாடிவிட்டார். இசை சமத் சங்கீத். எங்கள் சிங்கள பட்ச்மேட் ஒருத்தி சொல்லித்தான் எங்களுக்கும் தெரியும்.

இவ்வளவு கதைத்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. நாங்களே ஒன்று பாடிப் பார்ப்போம் என்று முடிவெடுத்தோம். சினிமாப் பாட்டு வேண்டாம், எங்கள் ஊர்ப் பாட்டு. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'. மருமகன் கேட்பான், மாமி பதில் சொல்லுவா, அவ்வளவுதான் பாட்டு. பஸ் பயணத்திலும் கல்யாண வீட்டிலும் கை தட்டித் தட்டி, சொல்லைக் கவனிக்காமலே நாங்கள் பாடித் தேய்த்துவிட்ட பாட்டு. அந்தக் கால இலங்கைத் தமிழ்ப் பொப் பாட்டுகள் எல்லாத்துக்கும் இதே கதிதான். ஏ.ஈ. மனோகரன் 'சுராங்கனி'யைக் கடல் தாண்டிக் கொண்டுபோய்த் தமிழ்நாடு முழுக்கப் பாட வைத்தார், 2018இல் சென்னையில் காலமானார். அவர் பாட்டுகளை உட்கார்ந்து, பொறுமையாக, ஒரு கிட்டாரோடு பாடிப் பார்க்க எங்கள் வயதுக்காரருக்கு ஏன் தோன்றுவதில்லை? பழைய சினிமாப் பாட்டுக்குச் செலவழிக்கிற அக்கறையில் கால்வாசி போதும்.

உரும்பிராயில் எங்களில் ஒருத்தியின் அம்மம்மா வீட்டு விறாந்தை. போனைப் பூச்சாடியில் சாய்த்து வைத்துப் பதிவு செய்தோம். கிட்டார்க்காரன் மெல்லத் தொடங்கினான். வாய்ப்பாட்டுக்காரி தாழ்ந்த குரலில் மாமியின் பதிலைப் பாடினாள். மற்ற இரண்டு பேரும் மருமகன். நல்லாத்தான் போகுது என்று நினைத்தோம், உண்மையாச் சொன்னால் கொஞ்சம் கண்ணும் மூடியிருந்தது. குசினிக்குள் இருந்து சுளகோடு வந்த அம்மம்மா ஒரு நிமிடம் நின்று கேட்டா.

"ஏன் பிள்ளையள், ஆருக்கும் வருத்தமே?"

பிறகு கதிரையில் இருந்து, சுளகைக் கவிழ்த்து மடியில் வைத்து, விரலால் தட்டத் தொடங்கினா. நாங்கள் பாடினதைவிட இரண்டு மடங்கு வேகம். மாமியின் பதில்களைத் தானே பாடினா. அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது, மாமி மருமகனுக்குப் பதில் சொல்லவில்லை, அவனை வைத்துப் பகிடி பண்ணுகிறா. அம்மம்மா அந்தப் பதில்களைப் பாடின விதத்தில், கேட்கிறவனின் கள்ளம் முழுக்க அவவுக்குத் தெரியும் என்பது வெளியில் வந்துவிட்டது. இவ்வளவு வருடம் கை தட்டிப் பாடியும் எங்களுக்கு அது காதில் விழவே இல்லை. மெதுவாகப் பாடியபோது சுத்தமாக விழவில்லை.

தங்கச்சிக்கு மூன்று பாட்டையும் அனுப்பிவிட்டோம், எழுதினவர்களின் பெயரோடு. நாலாவதாக எங்கள் பதிவையும் கேட்டாள். அது இன்னும் சரிவரவில்லை. போனில் இருப்பது முதல் தரம் பாடின அந்த எட்டுச்செலவுப் பாட்டுத்தான். அம்மம்மா பாடேக்க ஒருவரும் ரெக்கோர்ட் பட்டனை அமத்தவில்லை. வாற ஞாயிறு திரும்பப் போறம். சுளகை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறம். அந்த வேகத்துக்குக் கிட்டார்க்காரனின் விரல் இன்னும் வரவில்லை.